காத்திருக்கத் தெரியாத யந்திரம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பாரிஸ் நகரத்து ஜாஸ் ரசிகர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கப்பட்ட ‘நியூ மார்னிங்’ என்னும் அரங்கில், 76 வயது நிரம்பிய நைஜீரிய டிரம் வித்வான் ஒருவரும், அவரினும் 23 வயது இளையவரான அமெரிக்கர் ஒருவரும் சேர்ந்து கச்சேரி செய்தார்கள். முன்னவர் டோனி ஆலன். ஆப்ரோபீட் என்று உலகம் அழைக்கும் சங்கீதத்துக்குத் தாளம் வகுத்துக் கொடுத்தவர். பின்னவர் ஜெப் மில்ஸ். டெட்ராய்ட் நகரத்தில் பிறந்து, டெக்னோ என்னும் மின்னணு நடன இசையைத் தேசம் தேசமாகக் கொண்டுசென்றவர்களுள் முன்னணியில் நிற்பவர். ஆலனுக்கு முன்னால் தோலும் மரமும் பித்தளையுமாக வழக்கமான டிரம் செட் இருந்தது. மில்ஸுக்கு வாய்த்த தாள வாத்தியமோ, பொத்தான்களும் திருகுகளும் பதித்த ஒரு பெட்டி. இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்ற சந்தேகம், சங்கீதத்தில் சற்றேனும் பழக்கமுள்ள எவருக்கும் எழுவது நியாயமே.

மின்னணு நடன இசையின்மேல் நம்மவர் பலருக்கு ஒருவிதக் கசப்பு உண்டு, எனக்கும் இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டில் முதன்முதல் டெக்னோவைக் கேட்டபோது, அடுத்த தெருவில் மாவு மில் ஓடுகிறது போலும் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அந்த நினைப்பில் முழுத் தவறும் இல்லை. நிமிஷத்துக்கு 120 முதல் 140 வரை அடிகள். ஒவ்வோர் அடியிலும், ஒன்றுகூடத் தப்பாமல், பெரிய டிரம்மின் ‘தொம்’ என்னும் முழக்கம். அதன்மேல் மெல்லிய உலோகச் சத்தங்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம், சில சமயம் விடியும் வரை. ஆடுகிறவனுடைய கால்களுக்கு அந்த மாறாமையே ஆதாரம் என்பதும், அடி மாறாதிருந்தால்தான் அதன்மேல் நிகழும் நுண்ணிய மாறுதல்கள் செவிக்குப் புலப்படும் என்பதும், நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்கும் நமக்கு எளிதில் விளங்குவதில்லை.

அந்த முழக்கத்தை உண்டாக்கும் பெட்டிகளுள் பிரசித்தமானது, ஜப்பானின் ஒஸாகா நகரத்து ரோலண்டு கம்பெனி 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.ஆர். 909 என்பது. அதன் அடிப்பாகத்தில் வரிசையாக 16 பொத்தான்கள் இருக்கும். நம் சங்கீத பாஷையில் சொன்னால், நான்கு அட்சரம் கொண்ட ஒரு சுற்றைச் சதுச்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாகப் பகுத்தபோது கிடைக்கும் பதினாறு இடங்கள் இவை. எந்த இடத்தில் எந்த ஒலி விழவேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டால், நாம் நிறுத்தும் வரை பெட்டி அதே சுற்றை வாசித்துக்கொண்டிருக்கும். அதற்குக் களைப்பு இல்லை, சோம்பல் இல்லை, மேடைக் கூச்சமும் இல்லை. ஆனால் பக்கத்தில் வாசிப்பவர் உற்சாகம் மிகுந்து ஒரு மயிரிழை முந்தினாலும், ஒரு பிடியில் லயித்துப்போய் ஒரு மயிரிழை பிந்தினாலும், அதை அறியும் செவியும் அதற்கு இல்லை. நல்ல மிருதங்கக்காரர் பாடுகிறவரை அணைத்து வாசிப்பார் என்கிறோமே, அந்த அணைப்பை இந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்க முடியாது. காலப்பிரமாணத்தில் அதை வெல்ல ஒருவருமில்லை. காத்திருக்க மட்டும் அதற்குத் தெரியாது.

நிஜமான டிரம்மைப்போல் ஒலிக்கவில்லை என்ற காரணத்தால் இந்தப் பெட்டி அந்நாளில் நன்றாக விலைபோகவில்லை; ஏறத்தாழ 10,000 பெட்டிகள் செய்த பிறகு, இரண்டொரு வருஷத்திலேயே கம்பெனியார் உற்பத்தியை நிறுத்திவிட்டனர். வேண்டாமென்று பிறர் தள்ளிவிட்டவை பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. கையில் காசு குறைவாகவும் நெஞ்சில் ஆசை மிகுதியாகவும் இருந்த கறுப்பின இளைஞர்கள் சிகாகோவிலும் டெட்ராய்டிலும் அவற்றை வாங்கி, நிஜ டிரம்மைப்போல் ஒலிக்கவில்லை என்ற அந்தக் குறையையே குணமாக்கிக்கொண்டு, சிகாகோவில் ஹவுஸ் என்றும் டெட்ராய்டில் டெக்னோ என்றும் இரண்டு சங்கீதங்களைப் பிறப்பித்தார்கள். மோட்டார்த் தொழிற்சாலைகளால் செழித்து, அத்தொழில் நலிந்தபோது தானும் நலிந்துபோன டெட்ராய்டில், யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் பள்ளித் தோழர் மூவர் இதற்கு அடிகோலினர். அவர்களுக்கு அடுத்து வந்த மில்ஸ், இசைத்தட்டுகளைச் சுழலவிட்டபடியே பக்கத்தில் 909-ஐயும் வைத்துக்கொண்டு, அதை ஒரு வாத்தியமாகவே கையாளும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றவர்.

இனி ஜாஸ் பக்கம் வருவோம். ஜாஸ் வாசிப்பவர்கள் ‘ஸ்விங்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஓர் அட்சரத்தை இரண்டாகப் பகுக்கும்போது இரண்டு பாதிகளையும் சமமாக விடாமல், முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்கி வாசிப்பது அது. எவ்வளவு நீட்டுவது என்பதற்கு வாய்பாடு கிடையாது. சதுச்ரமும் அல்லாமல் திச்ரமும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் அது விழும். சௌக்க காலத்தில் ஓரிடம், துரிதத்தில் வேறோரிடம். வாசிப்பவருக்கு வாசிப்பவர் மாறும். ஒரே வித்வானுக்கும் ஒரு ராத்திரிக்கும் இன்னொரு ராத்திரிக்கும் மாறும். 909-இலும் ‘ஷபிள்’ என்று ஒரு வசதி உண்டு. ஒன்றுவிட்ட ஒவ்வொரு மாத்திரையையும் அது சற்றுத் தள்ளிப்போடும். ஆயினும் எவ்வளவு தள்ளச் சொன்னோமோ அவ்வளவுதான் தள்ளும், ஒவ்வொரு முறையும் அவ்வளவேதான் தள்ளும். மனிதன் பிந்துவது பக்கத்தில் இருப்பவர் வாசித்ததைக் கேட்டு. யந்திரம் பிந்துவது கணக்கைக் கேட்டு.

ஆலன் 1940-இல் லாகோஸ் நகரத்தில் பிறந்தவர். வானொலி நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், தாமாகவே டிரம் பழகினார். குருகுலவாசம் ஏதும் கிடையாது. ஆர்ட் பிளேக்கி, மாக்ஸ் ரோச் முதலிய அமெரிக்க ஜாஸ் வித்வான்களின் இசைத்தட்டுகளே குரு. டிரம் செட்டில் ‘ஹை-ஹாட்’ என்று ஓர் அங்கம் உண்டு. ஜால்ராவைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இரண்டு தட்டுகளை இடக்காலால் மிதித்துத் திறந்து மூடுவது. அக்காலத்து லாகோஸ் டிரம்காரர்கள் அதை அதிகமாகச் சட்டை செய்வதில்லை என்றும், டவுன்பீட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் அதைப் பற்றி மாக்ஸ் ரோச் எழுதியிருந்ததைப் படித்தே தாம் அதைக் கற்றுக்கொண்டதாகவும் ஆலன் சொல்லியிருக்கிறார். சங்கீதத்தை அச்சிட்ட காகிதத்திலிருந்து கற்க முடியுமா என்று நாம் வாதாடுவதுண்டு. ஒரு கண்டத்தின் தாளமே மாறியதில் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கும் பங்கு இருந்திருக்கிறது.

1964-இல் அவர் பேலா குட்டியோடு சேர்ந்தார். பேலா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியில் பயின்று திரும்பியவர். கானா, நைஜீரியா ஆகிய கடற்கரைத் தேசங்களில் அப்போது கொடிகட்டிப் பறந்த ஹைலைப் என்னும் கேளிக்கைச் சங்கீதத்தையும் ஜாஸையும் பிணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1969-இல் அவர்கள் அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்து, அங்கே கறுப்பின மக்களின் அரசியல் எழுச்சியைக் கண்ணாரக் கண்டு திரும்பிய பிறகு, யொரூபா மக்களின் தாளக்கட்டும் ஜாஸும் அமெரிக்க பங்க் இசையும் கலந்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டு நிரப்பும் ஆப்ரோபீட் உருவாயிற்று. அடிமைகளாகப் பிடித்து ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததியார் அமெரிக்காவில் வளர்த்த ஜாஸ், இசைத்தட்டில் ஏறி அதே கரைக்குத் திரும்பி வந்து, அங்கே மறுபடி ஆப்பிரிக்கச் சங்கீதம் ஆயிற்று. அச்சந்ததியாரின் பேரப்பிள்ளைகள்தாம் ஜப்பானியப் பெட்டியை வைத்துக்கொண்டு டெக்னோ செய்தவர்கள். ஆகவே பாரிஸ் மேடையில் சந்தித்தவர்களை அந்நியர் என்று சொல்வதற்கில்லை. பங்காளிகள் என்றே சொல்ல வேண்டும். பங்காளிகள் என்றதும் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர், நம் ஊர்க் குடும்பங்களை அறியாதவர்.

வேற்றுமை எங்கே என்பதை ஆலனுடைய கைகால்களைக் கொண்டே விளக்கலாம். சாதாரணமாக டிரம் வாசிப்பவரின் நான்கு அவயவங்களும் ஒரே தாளத்துக்கு ஊழியம் செய்யும். ஆலனிடத்திலோ அவை நான்கும் நான்கு தனி மனிதர்களாகிச் சம்பாஷணை செய்யும்; ஒன்று சொன்னதை மற்றொன்று மறுக்கும், மூன்றாவது சமாதானம் சொல்லும், நான்காவது இவையெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மௌனமாக இருந்து, எதிர்பாராத இடத்தில் ஒரு சொல் சொல்லும். 1979-இல் அவர் பேலாவை விட்டு விலகியபோது அந்த ஒருவரின் இடத்தை நிரப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதையில் உப்பும் புளியும் சற்றுக் கூடியிருக்கலாம். அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் அதை நம்பத் தயங்குவதில்லை. அடிகளில் ஆவேசம் இராது. பக்கத்து வீட்டுக்காரரோடு திண்ணையில் பேசுகிறவர்போல் தணிந்த குரலிலேயே வாசிப்பார். அவருடைய பெரிய டிரம் ஒவ்வோர் அடியிலும் விழுவதில்லை. விழவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பும் பின்புமாக விழுந்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். அந்தக் காலி இடத்தைக் கேட்பவனுடைய உடம்பு தானாகவே நிரப்பிக்கொள்கிறது. ஆப்ரோபீட்டைக் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாமல் போவதன் ரகசியம் அதுதான்.

டெக்னோப் பெட்டியோ சரியாக அந்தக் காலி இடங்களில்தான் ‘தொம்’, ‘தொம்’ என்று விழும். ஒருவர் பேச்சின் நயத்துக்காக நிறுத்தும் இடங்களிலெல்லாம் பக்கத்தில் இருப்பவர் “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டினால் பேச்சு என்ன ஆகும்? யந்திரத்தையும் ஆப்பிரிக்கத் தாளத்தையும் கலப்பதில் உள்ள உண்மையான சங்கடம் இதுவே. மின்சாரம், தோல் என்னும் பேதமோ, பழமை, புதுமை என்னும் பேதமோ அன்று.

மில்ஸ் கண்ட வழி என்னவென்றால், பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாததால், அதை இயக்குபவர் காத்திருப்பது. ஒரு சுற்றை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் அல்லர் அவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பொத்தானை அணைத்து அதை ஏற்றுவதும், பெரிய டிரம்மின் ஒலியைத் திருகித் தாழ்த்தி அடியோடு மறையவிடுவதும், மறுபடி மெல்லக் கொண்டுவருவதுமாக, விரல்கள் அந்தப் பதினாறு இடங்களைச் சதா மாற்றி எழுதியவண்ணம் இருக்கும். பாரிஸ் கச்சேரிகளின் பயனாக, ஜான்-பி தாரி என்னும் கீபோர்டு கலைஞரும் உடனிருக்க, ‘டுமாரோ கம்ஸ் தி ஹார்வெஸ்ட்’ என்ற நான்கு உருப்படிகள் கொண்ட இசைத்தட்டு 2018-இல் வெளிவந்தது. நாளை அறுவடை என்று பொருள்படும் இந்தத் தலைப்பின்கீழ், கடைசி உருப்படிக்கு விதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வெளியிட்டது 1939-இல் தொடங்கி ஜாஸ் இசைத்தட்டுகளால் புகழ்பெற்ற ப்ளூ நோட் கம்பெனி. என் செவிக்கு, அதில் சிறந்து நிற்பவை இருவரும் சேர்ந்து முழங்கும் இடங்கள் அல்ல. யந்திரத்தின் அடி தணிந்து பின்னுக்குப் போக, ஆலனுடைய குச்சிகள் தனியே ஏதோ முணுமுணுக்க, பெட்டி ஒரு மெல்லிய உலோகச் சிணுங்கலால் அதற்கு ‘உம்’ கொட்டும் இடங்களே.

இதற்கு நேர்மாறான வழியும் ஒன்று உண்டு. சந்தையில் பெருவெற்றி கண்டது அந்த வழிதான். பிரெஞ்சுக்காரரான லுதோவிக் நவார், சான் ஜெர்மேன் என்னும் புனைபெயரில் 1995-இல் ‘புல்வார்’, 2000-இல் ‘டூரிஸ்ட்’ என்று இரண்டு ஆல்பங்களை வெளியிட்டார். ‘டூரிஸ்ட்’டில் உள்ள ‘ரோஸ் ரூஜ்’ உருப்படியைத் தம்மை அறியாமலே கேட்டிருப்பவர் அநேகர். உலகத்தின் ஓட்டல்களிலும் துணிக்கடைகளிலும் அது அவ்வளவு ஒலித்திருக்கிறது. அமெரிக்கப் பாடகி மார்லினா ஷா மேடையில் பாடியதிலிருந்து நறுக்கி எடுத்த சில சொற்களையும், டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் பைவ்’ என்ற 1959-ஆம் ஆண்டு உருப்படியிலிருந்து எடுத்த துண்டையும் இணைத்து, ஹவுஸ் அடியின்மேல் டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் உலவவிட்டது அது. இதில் ஒரு வேடிக்கை: ‘டேக் பைவ்’ பெயருக்கேற்ப ஐந்து எண்ணிக்கைச் சுற்றில் அமைந்தது, அந்த ஐந்தாவது அடியின் தடுமாற்றமே அதன் அழகு. நவாரின் உருப்படியோ நான்கு எண்ணிக்கை. ஐந்தில் பிறந்த துண்டு நான்குக்குள் சுருக்கமே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. கைதேர்ந்த தையற்காரரின் வேலை என்று மெச்சத்தான் வேண்டும். பழைய பட்டிலிருந்து எடுத்த ஜரிகை புதுச் சட்டைக்கு அவ்வளவு பொருந்துகிறது. ஆனால் தைப்பவர் ஜரிகையிடம் யோசனை கேட்பதில்லை.

பதினைந்து வருஷ மௌனத்துக்குப் பின் 2015-இல் நவார் வெளியிட்ட ஆல்பம், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி தேசத்துக் கலைஞர்களை நாடிச் சென்றது. அத்தேசத்தில், அரசர்களின் வம்சாவளியையும் ஊர்களின் கதையையும் பரம்பரையாகப் பாடி வைத்திருக்கும் ஒரு குலத்தார் உண்டு. நம் பாணர்களை நினைவூட்டுபவர்கள். பெரிய சுரைக்குடுக்கையில் 21 தந்திகளைப் பூட்டிய கோரா, சிறிய தந்தி வாத்தியமான ங்கோனி, மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் குச்சியால் தட்டும் பலபோன் ஆகியவை அந்தப் பிரதேசத்து வாத்தியங்கள். அவ்வாத்தியங்களோடு, நஹாவா தும்பியா என்ற புகழ்பெற்ற பாடகியின் குரலும், 1982-இல் காலமான டெக்ஸஸ் புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸின் பதிவுசெய்த குரலும் இந்த ஆல்பத்தில் இடம்பெற்றன. ஹாப்கின்ஸின் குரலை மாலித் தந்திகளுக்கு நடுவே கேட்கையில், புளூஸ் எங்கிருந்து போயிற்றோ அங்கேயே வந்து நிற்பதாகத் தோன்றும். நவாரின் செவி நுட்பமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஆல்பம் முழுவதையும் கேட்டு முடிக்கையில், ‘தொம்’ என்னும் அடி ஓர் அங்குலமும் நகராமல் இருந்த இடத்திலேயே இருப்பதும், மாலிக்காரர்கள் அதற்குத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பதும் என் மனத்தை உறுத்தாமல் இல்லை.

இவ்விஷயத்தில் ஐரோப்பியரே எப்போதும் யந்திரத்தைக் கொண்டுவருபவர், ஆப்பிரிக்கரே எப்போதும் கைவாத்தியத்தோடு வருபவர் என்று எண்ணிவிடவும் கூடாது. காங்கோ தேசத்துத் தலைநகரமான கின்ஷாசாவில் மவாங்கு மிங்கியேதி என்பவர் அமைத்த ‘கொனோனோ நம்பர் 1’ குழுவினர், மரப்பெட்டியின்மேல் இரும்பு நாக்குகளைப் பொருத்திக் கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பே வாத்தியத்தை, நகரத்து இரைச்சலுக்கு மேலாகக் கேட்கச் செய்யவேண்டி, பழைய கார்களின் உதிரிப் பாகங்களிலிருந்து காந்தங்களை எடுத்து மைக்குகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். மலிவான ஒலிபெருக்கிகளின் வழியே அந்த ஒலி கரகரத்துச் சிதைந்து வெளிவந்தது. அச்சிதைவையும் சங்கீதத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். 2004-இல் ‘காங்கோட்ரானிக்ஸ்’ என்ற பெயரில் அது வெளிநாடுகளில் பரவியபோது, டெக்னோ ரசிகர்கள் தங்கள் சங்கீதமே வேறோரிடத்தில் தனியே பிறந்து வளர்ந்திருப்பதாகக் கண்டு திகைத்தார்கள். டெக்னோ என்ற சொல் பிறப்பதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கியவர் மிங்கியேதி. தென்னாப்பிரிக்காவிலும் இளைஞர்கள் சிகாகோவின் ஹவுஸை வாங்கி, வேகத்தைத் தணித்து, 1990-களில் குவைட்டோ என்று தமதாக்கிக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் அமாபியானோ அதன் வழிவந்ததே.

பெர்லின் நகரத்து மார்க் எர்னஸ்டஸ் செய்த காரியத்தை மட்டும் இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். டெக்னோவின் இறுக்கமான, எண்ணெய் வற்றிய வடிவம் ஒன்றை 1990-களில் உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். செனகல் நாட்டின் சபார் முரசுகளைக் கேட்டு மனம் பறிகொடுத்து, 2011-இல் அங்கே சென்று, அந்நாட்டுக் கலைஞர்களோடு பல வருஷங்கள் வேலை செய்தார். சபாரை ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுங்கையுமாக வாசிப்பார்கள். பல முரசுகள் கூடி வெவ்வேறு நடைகளில் பின்னும்போது சமம் எங்கே இருக்கிறது என்பதே புதியவருக்குத் தெரியாது. அதன்மேல் பெர்லினின் ‘தொம்’ அடியைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் கேட்பவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடியை விரலால் தொட்டுக் காட்டியதுபோல் ஆகியிருக்கும். எர்னஸ்டஸ் அதைச் செய்யவில்லை. ‘எந்தகா ரிதம் போர்ஸ்’ என்னும் குழுவின் பெயரால் 2016-இல் வந்த ‘யெர்மாண்டே’ ஆல்பத்தில், அவர் சேர்த்ததைக் காட்டிலும் நீக்கியதே அதிகம். ஒவ்வொரு முரசும் தனித்துக் கேட்கும்படி சுற்றிலும் வெளியை உண்டாக்கி, பெண் குரல் ஒன்றை நடுவே நிறுத்திவிட்டு, யந்திர நிபுணர் தாம் அறையின் மூலைக்குப் போய்விடுகிறார். மேலோட்டமாகக் கேட்பவர் இதில் மின்னணு இசை எங்கே என்று கேட்கக்கூடும். அக்கேள்வியை எர்னஸ்டஸுக்குச் சொல்லும் பாராட்டாகவே நான் கருதுவேன்.

ஆலன் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி பாரிஸில் காலமானார், வயது 79. அறுவடையின் பெயரால் தொடங்கிய குழுவை மில்ஸ் கலைக்கவில்லை. டிரம் செட்டின் முன் ஆலன் அமர்ந்திருந்த இடத்துக்கு இன்னொரு டிரம்காரரைத் தேடாமல், சங்கர் கோஷின் சீடரும் பிரான்சில் வாழும் இந்தியருமான பிரபு எதுவார் என்னும் தபலாக் கலைஞரை அழைத்துக்கொண்டார். தாரியோடு மூவராக அவர்கள் செய்த ‘எவல்யூஷன்’ ஆல்பம் 2023-இல் வெளிவந்தது. தபலாவின் இடக்கைப் பாகமான பாயாவில், அடித்த பிறகு மணிக்கட்டை அழுத்தித் தோலின்மேல் நகர்த்தினால் ஒலி குழைந்து மேலேறும். எவ்வளவு ஏறும், எப்போது நிற்கும் என்பது அந்தக் கைக்கு மட்டுமே தெரியும். அது ஏறி முடியும் வரை ‘தொம்’ என்னும் அடியைத் தாழ்த்திப் பிடித்திருக்க வேண்டிய வேலை, இப்போதும் மில்ஸின் விரல்களுக்குத்தான்.